தாஹோரும் தாஹிரும்

நம் சமுதாயத்தில் மார்க்கக் கல்வி நீரில் தொடங்குகிறது. ஷாஃபி மத்ஹபாயினும் ஹனஃபி மத்ஹபாயினும் பிக்ஹு நூலைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது தஹாரத் என்னும் தூய்மைப் பாடமே. எந்த நீரால் ஒளுச் செய்யலாம், ஹவுளில் எத்துணை நீர் இருத்தல் வேண்டும், குளிப்பு எப்போது கடமையாகும் என்பனவற்றையெல்லாம் கற்ற பின்னரே தொழுகையின் பாடத்துக்குள் நுழைகிறோம். தாஹிர், தாஹிரா என்னும் பெயர்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களை அறியாமைக் காலத்து மக்காவாசிகளே ‘தாஹிரா’ என அழைத்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். இத்துணை நெருங்கிப் பழகிய சொல்லாதலின் அதனுள்ளே என்ன இருக்கிறது என நாம் தேடிப் பார்ப்பதில்லை. ‘சுத்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான கிறிஸ்தவ நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் ஒருநாள் லேவியராகமத்தைப் படித்துவிட்டு நம்மிடம் வந்தார். “பாய், எங்கள் வேதத்தில் இந்த ஆகமத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தீட்டு, தீட்டு என்றே வருகிறது. நம் ஊர்த் தீட்டுத்தானா இது? மூல மொழியிலும் இப்படித்தான் இருக்கிறதா? உங்கள் அறபியும் எபிரேயமும் உறவு மொழிகள் என்கிறார்களே, நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆயினும் அவ்வினா சிரித்து விட்டுவிடத்தக்கதாக இல்லை.

இன்று யூதர் கையிலுள்ள தவ்ராத், மூஸா நபி (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற அதே வடிவில் நிற்கிறது என நாம் நம்புவதில்லை. ஆயினும் ஒரு சொல்லின் வரலாற்றைத் துருவும்போது பழைய நூல் எதனையும் ஒதுக்கி விடுதல் அறிவுடைமையாகாது. எபிரேயத்தில் தூய்மையானதைத் ‘தாஹோர்’ என்பர். தூய்மையாதல் ‘தாஹேர்’. நம் தாஹிரில் உள்ள அதே மூன்று வேரெழுத்துகள்தாம் இதிலும் உள்ளன. அவர்கள் ‘தேத்’ என்பதும் நாம் ‘தா’ என்பதும் ஒரே எழுத்தின் இரு பெயர்களே. (தமிழ் எழுத்தில் எழுதினால் ‘தவ்பா’விலுள்ள தகரமும் ‘தாஹிரி’லுள்ள தகரமும் ஒன்றாகிவிடுகின்றன. நம் முன்னோர் அறபுத்தமிழில் எழுதியபோது இக்குழப்பம் இருந்ததில்லை.)

இச்சொல் எபிரேய வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் முதலில் வியப்பே தோன்றுகிறது. கூடாரத் தொழுகையிடத்தின் விளக்குத்தண்டை எந்தப் பொன்னால் செய்ய வேண்டும் எனச் சொல்லுமிடத்தில் அப்பொன்னுக்கு அடைமொழி ‘தாஹோர்’. நம் பொற்கொல்லர் பசும்பொன் என்பார்களே, அது. யாத்திராகமத்தில் மேகமற்ற வானத்தின் தெளிவைக் குறிக்க இதே வேரிலிருந்து பிறந்த ‘தோஹர்’ என்னும் சொல் வருகிறது. ஐயூபு நபி (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் நூலில், காற்று வீசி வானத்தைத் துலக்கிவிடுவதைச் சொல்லும் வினையும் இதுவே. ஆக, அழுக்கைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் இச்சொல்லுக்குள் ஓர் ஒளி இருக்கிறது. கலப்பு நீங்கிய பொன்னும் முகில் கலைந்த வானும் அதன் முதற்பொருள்கள் எனக் கொள்வதில் பிழையில்லை.

துணி வெளுப்பதற்கு எபிரேயத்தில் வேறு சொல் உண்டு, அது ‘கிப்பேஸ்’. உடம்பைக் கழுவுவதற்கு இன்னொரு சொல், அது ‘ராஹத்ஸ்’. ஒருவன் தன் ஆடையைக் கிப்பேஸ் செய்து, உடலை ராஹத்ஸ் செய்து, அதன் பின்னர் தாஹேர் ஆகிறான் என்று லேவியராகமம் மீண்டும் மீண்டும் முறைப்படுத்திச் சொல்கிறது. கழுவுதல் மனிதன் கையால் செய்வது. தாஹேர் என்பது அதன்பின் அவனுக்கு வாய்க்கும் நிலை. இரண்டும் ஒன்றல்ல. ஸங்கீதங்களின் ஐம்பத்தோராம் பாடலில் இந்த ஒழுங்கு உடைகிறது. தாவூது நபி (அலை) அவர்களின் தவ்பாவாக யூதரும் கிறிஸ்தவரும் ஓதும் பாடல் அது. அதற்கு அவர்கள் கூறும் கதையை நாம் ஏற்பதில்லை. நபிமார்களின் மாசின்மை நம் கொள்கை. ஆயின் அப்பாடலில் மன்றாடுபவர், ஆடைக்கே உரிய கிப்பேஸ் என்னும் வினையைத் தம்மீது செலுத்துமாறு இறைவனிடம் கேட்பது குறிப்பிடத்தக்கது. மிதித்தும் அடித்தும் துணியை வெளுக்கும் வண்ணானின் தொழிற்சொல் அது. மிதித்தல் என்பதே அதன் மூலப்பொருள் என அகராதியாசிரியர் கருதுவர். அழுத்துதலைக் குறிக்கும் ‘கபஸ’ என்னும் அறபுச் சொல்லையும் அதற்கு உறவாகக் காட்டுவர். வெறும் நீர் வார்த்தல் போதாது, கல்லில் அடித்து வெளுக்க வேண்டிய துணி போன்றது தம் நெஞ்சம் என்கிறார் போலும்.

நண்பரின் வினாவுக்கு வருவோம். தாஹோருக்கு எதிர்ச்சொல் ‘தாமே’. அதனைத்தான் தமிழ் வேதாகமம் தீட்டு என மொழிபெயர்த்திருக்கிறது. மொழிபெயர்த்தோரைக் குறைகூற நமக்கு மனமில்லை. வேறு சொல் அவர்கட்கு அகப்படவில்லை. ஆனால் இந்நாட்டில் தீட்டு என்றால் நெஞ்சில் முதலில் எழுவது எது? பிறப்பினால் ஒருவனைத் தொடத்தகாதவன் என விலக்கிவைத்த கொடுமையன்றோ? 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சொல்லின் நிழல் இன்னும் ஒழியவில்லை. லேவியராகமத்தின் ‘தாமே’ அத்தகையதன்று. எவனும் ‘தாமே’யாகப் பிறப்பதில்லை, எவனும் அப்படியே சாவதுமில்லை. அது வரும், போகும். பிள்ளை பெற்ற தாய்க்கு அது உண்டு. மையித்தைத் தொட்டவருக்கு ஏழு நாட்கள் உண்டு. பெற்றோரையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் அடக்கம் செய்யும் பொருட்டுக் குருமார்களே ‘தாமே’ ஆவதற்கு அந்நூல் இடம் தருகிறது. இறந்தவரை அடக்கம் செய்தல் நற்செயல். அந்நற்செயலே ஒருவனை அந்நிலைக்கு ஆளாக்குகிறது. அப்படியாயின் அது பாவமுமன்று, இழிவுமன்று. நம் பிக்ஹில் ‘ஹதஸ்’ என்கிறோமே, அதற்கு மிக அண்மையில் நிற்பது. ஒளு முறிந்தவனை நாம் இழிந்தவன் என்பதில்லை.

இதற்குச் சான்றாக அந்நூலின் 13ஆம் அத்தியாயத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. தோலில் ஒருவகை வெண்மை படர்தலைக் குருவானவர் சோதிக்க வேண்டும். தமிழ் வேதாகமம் இதனைக் குஷ்டம் என்கிறது. ஆயின் ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் இது தோன்றும் என அந்நூலே சொல்வதால் இன்று நாம் அறியும் தொழுநோயன்று இது என்பதே ஆய்வாளர் முடிபு. சிறிது படர்ந்திருந்தால் அவன் ‘தாமே’. ஆனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை உடல் முழுவதும் வெளுத்துவிட்டால் அவன் தாஹோர்! உடல்நலத்துக்கான சட்டமாயின் இது தலைகீழாக அன்றோ இருக்க வேண்டும்? வேதங்களின் தூய்மைச் சட்டங்களையெல்லாம் சுகாதார விதிகள் என்று விளக்கி மகிழ்வோர் நம்மிலும் உளர். அவர்கள் இவ்வத்தியாயத்தை ஒருமுறை வாசித்தால் நன்று.

அங்கே குருவானவர் மருந்து தருவதில்லை, ஓதிப் பார்ப்பதுமில்லை. பார்க்கிறார், தாஹோர் என்று சொல்கிறார். அவர் சொல்வதைக் குறிக்கும் வினை ‘திஹேர்’. வடிவத்தால் அது தூய்மையாக்கினான் என்று பொருள்படுவது. பொருளால் தூயவன் என அறிவித்தான் என்பதே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இந்நுட்பத்தை உணர்ந்து ‘தீர்த்தல்’ என்னும் வினையைச் சேர்த்திருக்கின்றனர். தீர்ப்புச் சொல்லுதல் என்று கொள்க. நலம் பெற்றவன் ஊருக்குள் திரும்பும் சடங்கு அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. அதில் அவனுக்கு ஒரு பெயர்: ‘மித்தஹேர்’. தன்னைத் தூய்மை செய்துகொள்பவன் என்பது பொருள்.

இச்சொல்லைக் கண்டதும் நாம் அகராதியை மூடிவிட்டுத் திருமறையைத் திறந்தோம். தவ்பா அத்தியாயத்தின் 108ஆம் வசனத்தில், இறையச்சத்தின் மீது அடித்தளமிடப்பட்ட பள்ளியைப் பற்றிப் பேசுமிடத்தில், அல்லாஹ் நேசிப்பவர்களாகக் கூறப்படுவோர் ‘முத்தஹ்ஹிரீன்’. மித்தஹேர், முத்தஹ்ஹிர். இரண்டிலும் தன்னைத் தானே என்னும் பொருள் தரும் தகர இடைநிலை வேரின் தகரத்துக்குள் மறைந்து இரட்டித்து நிற்கிறது. இரு மொழிகளின் இலக்கணமும் இங்கே ஓரடியும் விலகவில்லை.

தமிழில் தன்வினை, பிறவினை என்கிறோம். அறபியில் இவ்வேரே ‘தஹுர’ என்றால் தானே தூய்மையாதல். ‘தஹ்ஹர’ என்றால் பிறிதொன்றைத் தூய்மையாக்கல். ‘ததஹ்ஹர’ என்றால் தன்னைத் தூய்மையாக்கிக் கொள்ளல். பகரா அத்தியாயத்தின் 222ஆம் வசனம் மாதவிடாய் பற்றியது. அவ்வசனத்தில் முதலில் முதல் வடிவம் வருகிறது. அடுத்த சொல்லிலேயே மூன்றாம் வடிவம் வருகிறது. உதிரம் நிற்பது தானே நிகழ்வது. குளிப்பது அவள் செய்வது. இவ்விரு வடிவங்களையும் எப்படி இணைத்துப் பொருள் கொள்வது என்பதில்தான் நம் இமாம்கள் வேறுபட்டனர். குளித்த பின்னரே இல்லறம் ஆகும் என்பது இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் முடிபு. பத்து நாட்கள் முழுமையாகக் கடந்து உதிரம் நின்றிருந்தால் குளிப்புக்கு முன்னரும் ஆகும் என்பது ஹனஃபி நூல்களின் முடிபு. கடற்கரை ஊரார் ஒரு சட்டத்தையும் உள்நாட்டு ஊரார் பலர் மற்றொரு சட்டத்தையும் பின்பற்றி வருகிறோமே, அவ்வேறுபாட்டின் ஒரு நுனி இந்த ஒரு வினையின் இரு வடிவங்களில் இருக்கிறது.

அவ்வசனம் இறங்கிய சூழலும் நம் பொருளைத் தொட்டே நிற்கிறது. மதீனத்து யூதர் அந்நாட்களில் மாதவிடாய்ப் பெண்ணுடன் உண்ண மாட்டார்கள், ஒரே வீட்டில் இருக்கவும் மாட்டார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தோழர்கள் இதனைக் கேட்டபோதுதான் வசனம் இறங்கியது. இல்லற உறவு ஒன்று நீங்கலாக மற்றனைத்தும் ஆகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்நிலையில் இருக்கும்போது அவர்களின் மடியில் சாய்ந்தவாறே பெருமானார் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து தொழுகைப் பாயை எடுத்துத் தரச் சொன்னபோது அன்னையவர்கள் தயங்க, உன் மாதவிடாய் உன் கையில் இல்லையே என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள்.

இவ்வளவும் நம் நூல்களில் இருக்க, நாம் பிறந்து வளர்ந்த தெருவில் சில வீடுகளில் அந்நாட்களுக்கெனத் தனிப்பாயும் தனித்தட்டும் இருந்தன. ஊறுகாய்ச் சாடியைத் தொடக்கூடாது, தொட்டால் கெட்டுப்போகும் என்பார்கள். கிதாபில் அப்படி இல்லையே என்று ஓதித் தெரிந்த பெண்ணொருத்தி கேட்டால், இது பெரியவர்கள் வைத்த பழக்கம் என்பதே விடை. தஹாரத் என்னும் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு தீட்டு என்னும் சொல்லை நெஞ்சில் வைத்திருந்தோம். இரண்டாவது சொல் அண்டை வீட்டிலிருந்து சுவரேறி வந்தது. யூதச் சட்டத்தில் தாய்க்குரிய நாட்கள் ஆண் குழந்தையாயின் நாற்பது, பெண் குழந்தையாயின் எண்பது. நம் மார்க்கத்தில் குழந்தை எதுவாயினும் கணக்கு ஒன்றே. அப்படியிருந்தும் பெண் பிறந்த வீட்டில் நாற்பதாம் நாள் குளிப்பின்போது முகங்கள் சற்று வாடியிருப்பதைக் கண்டிருக்கிறோம். எந்த நூலின் தாக்கமோ அது, நாமறியோம்.

தவ்பா அத்தியாயத்தின் 28ஆம் வசனம் இணைவைப்போரை ‘நஜஸ்’ என்கிறதே என ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அது கொள்கையின் மாசைக் குறிப்பது, உடலின் மாசையன்று என்பதே இமாம்களில் மிகப் பெரும்பாலோர் கருத்து. பனூ ஹனீஃபாத் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் முஸ்லிமாகாத நிலையில் சிறைபிடிக்கப்பட்டபோது நபிகளார் அவரைப் பள்ளிவாசல் தூணில்தான் கட்டிவைக்கச் செய்தார்கள். மூன்றாம் நாள் அவரை விடுவித்தார்கள். விடுதலை பெற்றவர் தம் ஊருக்குச் செல்லவில்லை. அருகிலிருந்த பேரீச்சந் தோட்டத்துக்குச் சென்று குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமாவை மொழிந்தார். அவராகவே குளித்து வந்தார் என்பது நாம் கருதத்தக்கது. முத்தஹ்ஹிர் என்னும் வினைவடிவம் நடந்து வருவது போல வருகிறார் அவர்.

மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தைத் தழுவினர். சாதிக் கொடுமை தாங்காதோர் அவர்கள். அத்தகையோர் கலிமாவுக்கு முன்னோ பின்னோ குளிக்கும் குளிப்பைப் பிறவித் தீட்டைக் கழுவும் குளிப்பென எவரேனும் எண்ணுவாராயின், அவர் தஹாரத் பாடத்தின் முதல் ஏட்டையும் புரட்டாதவர். அபூஹுரைரா (ரலி) அவர்கள் குளிப்புக் கடமையான நிலையில் பெருமானாரைத் தெருவில் கண்டு ஒதுங்கிப் போய்விட்டார்கள். குளித்து வந்து காரணம் சொன்னபோது, முஃமின் நஜீஸ் ஆவதில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை.

இஸ்ரவேலருக்கு மாத்திரம் உரியது தாஹேர் என்றும் எண்ணிவிட வேண்டாம். அல்யஸஉ நபி (அலை) அவர்களை யூதர் எலிசா என்பர். அவர்களிடம் சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாமான் தோல்நோயோடு வந்த கதை இரண்டாம் இராஜாக்கள் நூலில் இருக்கிறது. நபி வெளியே வந்து கையசைத்து ஓதுவார் என எதிர்பார்த்தான் அவன். வாசலுக்கு வந்ததோ ஓர் ஆள். யோர்தானில் ஏழு முறை முழுகு என்னும் செய்தி. நாமானுக்குச் சினம் மூண்டது. எங்கள் தமஸ்கு நகரத்து ஆறுகளை விடவா இச்சிற்றாறு உயர்ந்தது என்றான். அவனுடைய வேலைக்காரர்கள்தாம் அவனைத் தேற்றினர்: அரிய செயலொன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, முழுகு என்றுதானே சொன்னார்? இறங்கி முழுகினான், தாஹேர் ஆனான். அயல்நாட்டான், அயல்மதத்தான். நீரின் பெருமையை அளந்துகொண்டு கரையில் நின்றவரை நோய் இருந்தது.

கெய்ரோவில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூன் என்னும் யூத அறிஞர் தம் சட்டத் தொகுப்பின் பத்தாம் நூலுக்குத் ‘தஹாரா’ என்றே பெயரிட்டார். அதில் முழுக்குக் குளங்களைப் பற்றிய பகுதியின் இறுதியில், ‘தாமே’ என்பது நீரால் நீங்கும் சேறோ சகதியோ அன்று, அது இறைவனின் ஆணை, உள்ளத்தின் நிய்யத்தைச் சார்ந்தது என எழுதுகிறார். முழுகியவன் உடலில் புதிதாக எதுவும் நிகழவில்லை, ஆயினும் அவன் தாஹோர். அதுபோலத் தீய எண்ணங்களை விட்டொழிக்க நெஞ்சில் உறுதி கொண்டவனும் அறிவென்னும் நீரில் முழுகியவனே என்பது அவர் காட்டும் குறிப்பு. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தூய்மையை நான்கு படிகளாக்கினார்கள். உடலை அழுக்கிலிருந்தும், உறுப்புகளைக் குற்றங்களிலிருந்தும், உள்ளத்தை இழிகுணங்களிலிருந்தும், உள்ளத்தின் உள்ளத்தை அல்லாஹ் அல்லாத அனைத்திலிருந்தும் தூய்மை செய்தல். முதற்படியிலேயே நாள் முழுவதும் நின்று நீரைக் கொட்டிக்கொண்டிருப்போரை இமாமவர்கள் கடிந்துகொள்ளவும் தவறவில்லை. அத்தகையோரை நம் ஹவுளுக் கரைகளில் இன்றும் காணலாம்.

ஒரே ஒரு தூய்மை உண்டு. அதை எவரும் தமக்குத் தாமே செய்துகொள்ள இயலாது. அங்கே ‘ததஹ்ஹர’ நின்றுபோகிறது. ‘தஹ்ஹர’ மாத்திரம் எஞ்சுகிறது. உம்மு அத்தியா (ரலி) அவர்கள் பெருமானாரின் மகளாரைக் குளிப்பாட்டியபோது, வலப்புறத்திலிருந்தும் ஒளுவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்குமாறும், இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் கழுவுமாறும், இறுதி நீரில் கற்பூரம் சேர்க்குமாறும் பணிக்கப்பட்டார்கள். நம் ஊர்களில் மையித்துக் குளிப்பாட்டும் பெண்கள் இன்றும் அவ்வண்ணமே செய்கின்றனர். யூதரிடமும் இதற்கென ஊர்தோறும் ஒரு குழு உண்டு. ஆணுக்கு ஆண்களும் பெண்ணுக்குப் பெண்களும் குளிப்பாட்டுவர். வலப்புறமே அவர்களுக்கும் முதல். பின்னர் ஒன்பது ‘காவ்’ அளவு நீரை இடையறாமல் மேலிருந்து வார்ப்பர். வெண்ணிறக் கபன் அணிவிப்பர். அதற்குப் பை இராது. பிழையேதும் நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்பும் கேட்பர். அச்சடங்குக்கு அவர்கள் இட்ட பெயர் ‘தஹரா’. நீர் தலையிலிருந்து கால்வரை ஓடிக்கொண்டிருக்கையில், சுற்றி நிற்பவர்கள் மும்முறை சொல்வார்கள்; ஆணாயின் ‘தாஹோர் ஹூ’ என்றும், பெண்ணாயின் ‘தெஹோரா ஹீ’ என்றும்.